ஒன்பதாம் நாளே மன்னித்தவர்

அவள் புருஷன் மன்னித்தது ஒன்பதாம் நாள். கைக்கட்டைக்கூட அப்போது அவிழ்க்கவில்லை. போதகர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போன கையோடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி, "நான் அவனை மன்னிச்சுட்டேன்" என்றார். ஜன்னலைச் சாத்திவிட்டேன் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பிளாஸ்க்கிலிருந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தவளுக்கு டம்ளர் எது, தரை எது என்று தெரியாமல் போயிற்று. வலது கையில் மூன்று விரல் போயாயிற்று. அதற்குக் காரணமானவனை மன்னிக்க ஒன்பது நாள் போதுமா? நல்ல சேலையில் சாயம் ஒட்டினால்கூட அவள் அதைவிட அதிக நாள் கோபமாக இருப்பாள்.

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

மன்னிக்கவே கூடாது என்று அவள் வைராக்கியம் ஒன்றும் வைத்திருக்கவில்லை. அதைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. முழங்கால் வலிக்க வலிக்க ஜெபம் பண்ணிப் பார்த்தாள். "அவனை மன்னிக்கிறேன் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். சொன்ன அன்றைக்கு மனசு லேசாகத்தான் இருக்கும். மறுநாள் காலை ஆறரை மணிக்குப் புருஷனுக்குச் சட்டை மாட்டிவிட வேண்டும். சட்டைக்கு ஏழு பொத்தான். ஐந்தாவது பொத்தானுக்குள் கோபம் சொல்லிவைத்தாற்போலத் திரும்பி வந்துவிடும். பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை வைத்துத் தைக்கிறேன் என்றால் அந்த மனுஷர் கேட்கமாட்டார். நோயாளிச் சட்டை மாதிரி இருக்குமாம். இடது கை நகத்தையும் அவள்தான் வெட்டிவிட வேண்டும். மன்னித்தவர் ஜம்மென்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மன்னிக்காதவள் நகவெட்டியோடு குனிந்திருப்பாள்.

அந்தக் காரியத்தைச் செய்தவன் பெயர் ஸ்பேனர். அதாவது பட்டப்பெயர், தூங்கும்போதுகூட அவன் சட்டைப்பையில் ஒரு ஸ்பேனர் இருக்கும் என்று கேலி செய்வார்கள். லிஃப்ட் கம்பெனியில் அவள் புருஷனும் அவனும் பதினான்கு வருஷ ஜோடி. இவரை அண்ணன் என்பான், அவளை அண்ணி என்பான். அவன் மனைவி இறந்தபோது மகளுக்கு ஏழு வயது. பிள்ளை இல்லாத இந்த வீட்டில்தான் அந்தக் குழந்தை பாதி வளர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் "பெரியம்மா" என்று பையைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவரும். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அவன் அந்த வேலையைச் செய்தான்.

லிஃப்ட் வேலையில் ஒரு விதி உண்டு. மேலே மெஷினில் கைவைக்கிறவன் முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதன்மேல் தன்னுடைய பூட்டைப் போட்டுப் பூட்டவேண்டும். சாவி அவன் பையில் இருக்கவேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் வேறு யாரும் அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. அன்றைக்கு வேலை நடந்தது ஒரு பழைய கட்டிடம். ஸ்விட்ச் தரைத்தளத்தில், மெஷின் மொட்டைமாடியில். அவள் புருஷன் ஒழுங்காகப் பூட்டிவிட்டுத்தான் ஏழு மாடி ஏறினார். ஸ்பேனர் அந்தப் பூட்டுக்குத் திருட்டுத்தனமாக இன்னொரு சாவி வெட்டி வைத்திருந்தான். வேலை முடிந்துவிட்டது என்று தானாக நினைத்துக்கொண்டு, மேலே பார்த்து ஒரு குரல்கூடக் கொடுக்காமல், பூட்டைத் திறந்து ஸ்விட்சைப் போட்டுவிட்டான். மேலே இரும்புக் கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை இருந்தது. விசாரணையில் ஸ்பேனர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பியது. அவள் புருஷனை உதிரிபாகக் கிடங்கில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தது.

இவ்வளவும் நடந்து மூன்று வருஷம் கழித்து, ஒரு புதன்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர்தான், வயசு சின்னது. எதையும் இரண்டு தடவை சொல்லுவார்.

"வர்ற ஞாயிறு மன்னிப்பைப் பத்தித்தான் செய்தி குடுக்கிறேன்மா. மன்னிப்பைப் பத்தி. ஐயா ஒரு சாட்சி சொன்னா ரொம்பப் பிரயோஜனமா இருக்கும்."

"சொல்லட்டுமே."

"நீங்களும் பக்கத்துல வந்து நின்னா நல்லா இருக்கும். ஐயாவோட அந்தக் கூட்டாளியையும் கூப்பிட்டிருக்கேன், வர்றேன்னு சொல்லியிருக்கார். மூணு பேரையும் ஒண்ணாப் பாத்தா சபைக்கே ஒரு ஆசீர்வாதமா இருக்கும்."

"நான் எதுக்கு? நான்தான் மன்னிக்கவே இல்லையே."

போதகர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். "மன்னிக்கிறது அவங்களுக்காக இல்லம்மா. நமக்காகத்தான். உங்க பாரம்தான் இறங்கும்."

"மூணு வருஷமா எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, ஐயா. பாரம் இறங்கும், பாரம் இறங்கும்னு. எப்படி இறக்குறதுன்னு ஒருத்தராவது சொன்னீங்களா?"

போதகர் டீயைக் குடித்தார். இப்படி ஒரு தர்மசங்கடம் வரும்போதெல்லாம் அவள் புருஷன் நடுவில் புகுந்து சமாதானமாக எதையாவது சொல்லுவார். அன்றைக்குச் சொல்லவில்லை. தன் டம்ளருக்குள் எதையோ தேடுகிறவர்போல உட்கார்ந்திருந்தார். கடைசியில், "சாட்சி சொல்ற அளவுக்கு நான் ஒண்ணும் பண்ணிடலைங்க" என்றார்.

"இந்தத் தாழ்மை இருக்கே ஐயா, இதைத்தான் ஜனங்க பாக்கணும்" என்று போதகர் எழுந்தார். நாள் குறித்தாகிவிட்டது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை தாண்டும்வரை அவள் பொறுத்திருந்தாள். அதற்குமேல் முடியவில்லை. "பெரிய மனசு, பெரிய மனசுன்னு ஊரே உங்களைத் தூக்கிவெச்சு ஆடுது. சபையில ஒவ்வொருத்தியும் அந்தக் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்காத குறை. அந்தக் கைக்குப் பதிலா இந்த வீட்டுல யார் கை வேலை செய்யுதுன்னு ஒருத்தரும் கேக்கலை. உங்களைக் கேட்டாங்க, மன்னிச்சீங்க. என்னை யாராவது கேட்டாங்களா?" அவர் எழுந்துபோய் டம்ளர்களைக் கழுவினார். ஒற்றைக் கையால் அவர் கழுவுகிற டம்ளரில் எப்போதும் சோப்பு மிச்சமிருக்கும். அவள் மறுபடி கழுவினாள்.

அவளுக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒன்றுதான். சபையில் எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, குற்றம் செய்தவர்களை நாங்களும் மன்னிக்கிறோம் என்கிற இடம் வந்ததும் அவள் வாய் மூடிக்கொள்ளும். பொய் சொல்ல நாக்கு வராது. நற்கருணை வாங்க மூன்று வருஷமாக எழுந்து போனதில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, வரிசையில் இருக்கிறவர்கள் தாண்டிப் போக முழங்காலை ஒதுக்கி வழிவிடுவாள். அந்த அப்பத்துக்கு அவள் ஏங்கினாள். அது கிடைக்கவேண்டுமானால் ஸ்பேனரை மன்னிக்க வேண்டும், மன்னிக்க வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

வியாழக்கிழமை வேலையிலும் அதே நினைப்பு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவள் செக்கர். தைத்து முடித்த சட்டை குழல்விளக்குக்கு அடியில் அவள் மேஜைக்கு வரும். காலர், கைமடிப்பு, பொத்தான்துளை, நூல்பிசிறு என்று வரிசையாகப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டித் திருப்பி அனுப்பவேண்டும். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. "குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். செக்கர் அக்கா கண்ணில் படாமல் ஒரு தையல்கூடத் தப்பமுடியாது என்று லைனில் பேர்.

அடுத்த மேஜையில் வேலை செய்கிறவள் அன்றைக்கு அவளோடு சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தாள். அந்த அம்மாளின் மகனுக்குக் குழந்தை பிறக்கப்போகிறதாம். "நல்லவேளைக்கா, அன்னைக்கு நீங்க சொன்னீங்க" என்றாள் அந்த அம்மாள், எப்போதும் போல.

அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அந்த மகன் ஸ்பேனரின் மகளை விரும்பினான். இரண்டு பேரும் கல்யாணம் வரை பேசிவைத்திருந்தார்கள். அம்மாக்காரி, "உங்களுக்குத் தெரிஞ்ச குடும்பமாமே, எப்படி?" என்று கேட்டாள். அவள் சொன்னாள். நிறையவே சொன்னாள். அந்த அம்மாள் மூன்று நாள் சாப்பிடாமல் படுத்து மகனை வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். பொய்யா சொன்னேன், கேட்டார்கள், சொன்னேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இரண்டு வருஷமாக ஒரே விஷயத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பது ஏன் என்று மட்டும் யோசித்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவள் புருஷன் சாட்சியை எழுதச் சாப்பாட்டு மேஜையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். நாலு மணிக்கு மேஜைக்கு அடியில் எட்டுக் காகித உருண்டை கிடந்தது.

"என்ன இது, வீடு பூராவும் குப்பை?"

"எழுத வரலை."

"இடது கையில எழுதினா அப்படித்தான். நகருங்க. சொல்லுங்க, நான் எழுதுறேன்." சிடுசிடுவென்றுதான் சொன்னாள். ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை இழுத்துவைத்து, மேலே தேதியும் போட்டாள். "ம். சொல்லுங்க."

அவள் பேனாமூடியைத் திருகித் திருகித் திறந்தாள்.

"‘அந்தச் சாவியை அவன் வெட்டலை’ன்னு எழுது."

அவள் "அந்தச் சாவியை அவன்" வரைக்கும் எழுதினாள். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"நான்தான் குடுத்தேன்" என்றார் அவர். "ஒவ்வொரு பூட்டுக்கும் ரெண்டாவது சாவி ஆபீஸ் பெட்டியில இருக்கும். நான்தான் எடுத்து அவன்கிட்ட குடுத்துவெச்சேன். இல்லைன்னா வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு தடவையும் பூட்டைத் திறக்க நானே இறங்கி வரணும். அவன்கிட்ட ஒண்ணு இருந்தா, நான் மேலேயிருந்து குரல் குடுத்தாப் போதும், அவன் திறந்து ஸ்விட்சைப் போட்டுடுவான். ரெண்டு வருஷம் அப்படித்தான் வேலை பாத்தோம். கம்பெனியிலேயே எங்க ஜோடிதான் வேகம்னு பேரு."

"அன்னைக்குக் குரல் குடுத்தீங்களா?"

"இல்ல. நடுவுல கிரீஸ் எடுக்கக் கீழே வந்தேன். பையை அங்கேயே வெச்சுட்டு மறுபடி மேலே போயிட்டேன். அவன் பையைப் பாத்துட்டு, இறங்கிட்டேன்னு நினைச்சுட்டான். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கலை. அது அவன் தப்பு. சாவி என் தப்பு."

"விசாரணையில அவன் ஒப்புக்கிட்டானே."

"நான் மயக்கத்துல கிடந்தேன். நான் குடுத்தேன்னு தெரிஞ்சா என்னையும் அனுப்பிடுவாங்க. கையும் போய் வேலையும் போயிடுமேன்னு, நானே வெட்டிக்கிட்டேன்னு அவன் பழியை ஏத்துக்கிட்டான். எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தான், நீ மருந்து வாங்கப் போயிருந்தே. ‘அப்படியே இருக்கட்டும்ணே’ன்னு காதுல சொல்லிட்டுப் போயிட்டான்."

எட்டாம் நாள். அவளுக்கு அப்போதுதான் ஒன்பதாம் நாளின் அர்த்தம் புரிந்தது. பெரிய மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அவளுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. "அப்போ நான் இத்தனை நாளா யாரைத் திட்டிக்கிட்டிருந்தேன்?" என்றாள். "தெருவுல அவன் எதிர்ல வந்தா அந்தப் பக்கம் போனேன். சபையில அவன் கை நீட்டினப்போ எல்லார் முன்னாடியும் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"சொல்லணும்னுதான் நினைச்சேன். முதல்ல வேலைக்குப் பயந்தேன். அப்புறம் உனக்குப் பயந்தேன். நாளாக ஆக, சொல்றதுக்கு வாயே வரலை."

"அந்தப் பொண்ணு கல்யாணம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதே மேஜையிலதான் உங்ககிட்ட வந்து சொன்னேன். அந்தம்மாகிட்ட இன்னின்ன சொல்லிட்டேன், அவனுக்கு நல்லா வேணும்னு. நீங்க அப்போ என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சாப்பிட்டுட்டிருந்தேன்."

"சாப்பிட்டு முடிச்சீங்களா?"

"முடிச்சேன்" என்றார் அவர், முனகலாக. பிறகு, "என்னை மன்னிச்சிடு" என்றார்.

"அந்த வார்த்தையை இப்போ எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கே போகிறாள் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்பேனர் இப்போது கடைகளுக்கு ஷட்டர் பழுதுபார்க்கிறான். முன்னால் கடை, பின்னால் வீடு. அவன் தரையில் உட்கார்ந்து ஒரு சுருள் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, கையில் இருந்த கிரீஸை வேட்டித்துணியில் தேய்த்துக்கொண்டான். "வாங்க அண்ணி" என்றான். மூன்று வருஷத்துக்கு அப்புறமும் அதே அண்ணி.

"அவர் எல்லாத்தையும் சொல்லிட்டார்."

"சொல்லிட்டாரா? எதுக்கு?" அவன் முகத்தில் நிம்மதியைத்தான் அவள் எதிர்பார்த்தாள். வந்ததோ கவலை. "கம்பெனிக்குத் தெரிஞ்சா அவர் வேலை என்னாகும்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போதும் தம்பி. நீங்க அவருக்காகப் பழியை ஏத்துக்கிட்டீங்க, அவர் உங்களை மன்னிச்சார். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நல்லவங்களா இருந்துட்டீங்க. நடுவுல நான் ஒருத்தி கெட்டவளாயிட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிருப்பீங்க?"

"சொல்லியிருக்கலாம்" என்றான் அவன். "ஆனா ஸ்விட்சைப் போட்டது இந்தக் கைதானே அண்ணி. யாராவது என்னைத் திட்டணும்போல இருந்துச்சு. அண்ணன் திட்டலை. நீங்களாவது திட்டினீங்க." கம்பியை ஓரமாக நகர்த்தினான். "என்னைத் திட்டினதெல்லாம் போகட்டும், அதை நான் வெச்சுக்கலை. பாப்பா விஷயம் வேற. அதுக்கு என்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க. குடுக்க என்கிட்ட இல்லை. அவ உள்ளே இருக்கா."

ஸ்பேனரின் மகள் மழலையர் பள்ளியில் ஆசிரியை. தரை முழுவதும் வண்ணக் காகிதத்தைப் பரப்பிவைத்து, திங்கட்கிழமை வகுப்புக்கு மீன் மீனாக வெட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பேசியதெல்லாம் கேட்டிருக்கும். சுவர் ஒன்றும் அவ்வளவு கனம் இல்லை. "வாங்க" என்றாள். பெரியம்மா என்று சொல்லவில்லை. கத்திரியைக் கீழே வைக்கவும் இல்லை.

வந்தவள் நின்றபடியே சொன்னாள். வழியெல்லாம் சேர்த்துக்கொண்டுவந்த வார்த்தைகள் எல்லாம் உதிர்ந்துபோய், "நான் பெரிய அநியாயம் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடும்மா" என்று அவ்வளவுதான் வந்தது.

"தெரியாமத்தானே சொன்னீங்க" என்றாள் அந்தப் பெண்.

அவளுக்கு மூச்சு வந்தது. "ஆமாம்மா. சத்தியமாத் தெரியாது."

"அப்பாதான் சாவி வெட்டினார்னு நீங்க நம்பினீங்க. அதை மட்டும் சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணுமில்லை. ‘அந்தப் பொண்ணும் அப்படித்தான், ஆபத்துல கைவிட்டுட்டு ஓடிடுவா, அது அவங்க ரத்தத்துலயே இருக்கு’ன்னு சொன்னீங்க. என்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னவன் என்கிட்ட வந்து வார்த்தைக்கு வார்த்தை சொன்னான்." வெட்டிய மீனை எடுத்து மற்ற மீன்களோடு அடுக்கினாள். "எனக்கு ஏழு வயசுலேர்ந்து தலை வாரிவிட்டவங்க நீங்க. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

ஒரு நாளைக்கு நானூறு சட்டையில் குறை கண்டுபிடிக்கிற செக்கர் அக்கா, நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளையின்மேல் இல்லாத குறையை ஒட்டி அனுப்பியிருக்கிறாள். அது தெரியாமல் செய்தது இல்லை. தெரிந்துதான் செய்தாள், ஸ்பேனருக்கு வலிக்கட்டும் என்றுதான் செய்தாள்.

"மன்னிக்கமாட்டியா?"

"இப்போ முடியலை" என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள். "ஜெபம் பண்ணிப் பாத்துட்டேன். மன்னிச்சுட்டேன்னு சொல்லியும் பாத்துட்டேன். அவங்க வீட்டு வழியா பஸ்ஸுல போறப்போ எல்லாம் திரும்பி வந்துடுது."

"மன்னிச்சா உனக்குத்தான்மா பாரம்..." என்று அவள் வாய் ஆரம்பித்துவிட்டது. பாதியில் காதில் விழுந்தது, யார் பேசுகிறார்கள் என்று. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன?" என்றாள் அந்தப் பெண், தலையைத் தூக்கி.

"ஒண்ணுமில்லைம்மா. நான் வர்றேன்."

வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். புருஷன் இருந்த இடத்திலேயே இருந்தார். "மிச்சத்தைச் சொல்லுங்க" என்றாள். அவர் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை பேசாமல் எழுதினாள். திங்கட்கிழமை கம்பெனி மேனேஜரைப் பார்த்து இதையே சொல்லப்போகிறேன் என்று கடைசி வரியில் அவர் சொன்னபோது, அவள் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு அதையும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். அவருடைய பங்கு அவ்வளவுதான். கல்யாண விஷயம் அந்தத் தாளில் இல்லை. அது அவர் படிக்கவேண்டியது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பியிருந்தது. ஸ்பேனர் நடுவில் உட்கார்ந்திருந்தான். அவன் மகள் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில். போதகர், ஒன்பதே நாளில் மன்னித்த நம் சகோதரர், ஒன்பதே நாளில், என்று சொல்லிக் கூப்பிட்டதும் அவள் புருஷன் எழுந்து போனார். "அம்மாவும் வரலாமே" என்றார் போதகர். அவள் அசையவில்லை. நேற்றிலிருந்து அவரோடு அவள் பேசிய வார்த்தைகளை எண்ணினால் பத்து தேறாது. அப்படிப்பட்டவர் பக்கத்தில் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க அவளால் ஆகாது.

அவர் இடது கையில் மைக்கைப் பிடித்தார். தாளைப் பிரசங்க மேஜைமேல் வைத்து, மிச்சமிருந்த இரண்டு விரலால் அழுத்தினார். மேலே மின்விசிறி சுற்றியது. "நான் சொல்லப்போறது" என்று தொடங்கியதும் தாள் வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. குனிந்து எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி போயிற்று. மனப்பாடமாகச் சொல்லலாமே என்று அவள் பல்லுக்குள் சொல்லிக்கொண்டாள். அவருக்கு முடியாது என்று அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு தடவை தாள் விழுந்தால் அந்த மனுஷர் பயந்து, நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அப்புறம் ஆயுசுக்கும் சொல்லமாட்டார்.

அவள் எழுந்து முன்னால் போனாள். தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். சபை முழுவதும் "ஆமென்" என்று ஒரு பெருமூச்சு விட்டது. அவர் கண் கலங்கி அவளைப் பார்த்தார்.

"நான் இன்னும் உங்களை மன்னிக்கலை" என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "படிங்க."

மைக் நடுவில் இருந்தது. கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. யாரோ இருமினார்கள். போதகர் பாட்டுப் புத்தகத்தை மூடினார். அவள் புருஷன் படித்தார். சாவியைப் படித்தார், எட்டாம் நாளைப் படித்தார், ஸ்பேனரின் பெயரைச் சொல்லி மூன்று வருஷத்தைப் படித்தார், திங்கட்கிழமையைப் படித்தார். முடிக்கும்போது சபையில் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. எங்கே சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஸ்பேனர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

போதகர் மைக்குக்குக் கை நீட்டினார். அவள் அதற்கு முன்னால் வாங்கிக்கொண்டாள்.

"நானும் ஒருத்தருக்கு அநியாயம் பண்ணியிருக்கேன். இவர் பண்ணினதைவிடப் பெரிசு. யாருன்னு சொல்லமாட்டேன். நேத்து போய் மன்னிப்பு கேட்டேன், கிடைக்கலை. கிடைக்காதது நியாயம்தான்." குரல் உடைந்தது. அதற்காக அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது. "அது யாருன்னு உங்கள்ல சிலபேருக்குத் தெரிஞ்சிருக்கும். தயவுசெஞ்சு யாரும் அவங்ககிட்ட போய், மன்னிச்சிடு, பாரம் இறங்கும்னு சொல்லாதீங்க. அவங்க முடியும்போது மன்னிப்பாங்க. முடியலைன்னா, அதுக்கு ஆண்டவர்கிட்ட பதில் சொல்லவேண்டியது நான்தான், அவங்க இல்லை. ஐயா, உங்களையும் சேத்துத்தான் சொல்றேன்."

போதகர் தலையாட்டினார், ஒரே ஒரு தடவை. கடைசி வரிசையில் அந்தப் பெண் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்து அவள் வாசலையே பார்த்தாள். அந்தப் பெண் எழவில்லை. சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.